எந்தப் போர் நாவலை முதலில் எடுப்பது? நான்கு நாவல்களும் அவை வாங்கிய திட்டும்

எங்கள் வாசகர் வட்டத்தில் பதினொரு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, வேலூரில் ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் கூடுவோம். அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு போர் நாவல் என்று போன கூட்டத்தில் முடிவானது. அதற்குக் காரணம் சுபேதார். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். எங்கள் சுபேதார் அந்தப் பக்கத்துக்காரர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். வட்டத்துக்கு வர ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. இதுவரை நாங்கள் தேர்ந்தெடுத்த எதையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. “எல்லாம் உக்காந்து யோசிக்கறவன் கதையா கீது சார்” என்பார். போர் நாவல் என்றதும் ஒரு நிபந்தனை போட்டார்: “சாப்பாட்டப் பத்தி எத்தினி பக்கம் எழுதியிருக்கான்னு பாருங்க. சண்டை என்னிக்கோ ஒருநாள் வரும். சோறு மூணு வேளையும் வரணும். அது தெரியாதவன் பட்டாளத்துலயே இருந்திருக்க மாட்டான்.”

நான்கு நாவல்களைப் படித்து ஒன்றைப் பரிந்துரைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் க்வயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ (1929), விக்தர் நெக்ராசோவின் ‘ஸ்டாலின்கிராடின் பதுங்குகுழிகளில்’ (1946), ஜேம்ஸ் ஜோன்ஸின் ‘ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி’ (1951), பாவ் நின்னின் ‘தி சாரோ ஆஃப் வார்’ (1990). ஜெர்மானியர், ரஷ்ய மொழியில் எழுதிய கீவ்காரர், அமெரிக்கர், வியட்நாமியர். நால்வரும் சீருடை போட்டவர்கள். ஈழப் போரைப் பற்றிய தமிழ் நாவல்களை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அவற்றைப் பேச உட்கார்ந்தால் எங்களில் பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிட்டு அரசியலைத் திறந்துவிடுவோம். நானும் அந்தப் பாதியில்தான் இருப்பேன்.

நாவல்களோடு சேர்த்து, அவை வெளிவந்தபோது யார் என்ன சொன்னார்கள் என்பதையும் தேடிப் படித்தேன். பாராட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நேர்மை, துணிச்சல், இதயத்தை உலுக்குகிறது, அவ்வளவுதான். எந்தப் புத்தகத்தின் பின்னட்டைக்கும் எடுத்து ஒட்டலாம். திட்டுகள்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. அவற்றையும் சலித்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் மிஞ்சுகின்றன. எழுதினவன் அங்கே இருந்தானா? பட்டாளத்தைக் கேவலப்படுத்துகிறானா? முழுப் போரையும் பார்த்தானா, தன் குழியை மட்டுமா? ஒரு நாவல் இந்த மூன்றில் எதற்காக அதிகம் அடிவாங்கியது என்று தெரிந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே திட்டை வைத்தே தேர்வு செய்யலாம் என்று நினைத்தேன்.

முதல் கேள்வி எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்கு ஒரு பழைய கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. ஸ்டீஃபன் கிரேன் பிறந்தது 1871இல். போர்க்களத்தைக் கண்ணாலேயே பார்க்காமல் 1895இல் ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ வெளியிட்டார். படித்த முன்னாள் சிப்பாய்களில் சிலர் அவர் கட்டாயம் அங்கே இருந்திருப்பார் என்று நம்பினார்கள். ஒருவர் அவரோடு அந்தப் போரின் ‘ஆண்டிடம்’ சண்டையில் தோளோடு தோள் நின்றதாகவே சொல்லிவிட்டார். அதே சமயம் அந்தப் போரில் நிஜமாகவே அதிகாரியாக இருந்த ஜெனரல் மெக்ளர்க், இது அமெரிக்கச் சிப்பாயைக் கேலி செய்யும் நூல் என்று 1896இல் ‘தி டயல்’ இதழில் பொரிந்து தள்ளினார். அந்த இதழ் ஒருகாலத்தில் அவருடைய பதிப்பகத்திலிருந்து வந்தது என்பது தனிச் செய்தி. இருந்தவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றபோது, இருந்தானா என்ற கேள்விக்கு என்ன மதிப்பு? கிரேன் பிறகு 1897இல் கிரேக்க–துருக்கிப் போருக்கு நிருபராகப் போய் நிஜச் சண்டையைப் பார்த்தார். திரும்பி வந்து, தான் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது என்று நண்பர்களிடம் சொன்னாராம்.

இந்தக் கேள்வியை ஒரு துறையாகவே ஆக்கியவர் பிரான்சின் ழான் நார்ட்டன் க்ரு. அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், முதல் உலகப்போருக்கு வந்து பதுங்குகுழியில் கிடந்தவர். சுமார் 250 பேர் எழுதிய 300 போர்ப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, யார் எந்தப் படைப்பிரிவில் எத்தனை மாதம் எங்கே இருந்தார் என்று தோண்டி, 1929இல் தலையணை அளவுக்கு ஒரு நூல் போட்டார். பிண மலைகள், இரத்த ஆறு, கத்திச்சண்டை போன்ற ஜோடனைகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. 1916இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு வாங்கிய பார்பூஸின் நாவலும் அவரிடம் தேறவில்லை, டோர்ஜெலெஸின் ‘மரச் சிலுவைக’ளும் தேறவில்லை. (இந்த டோர்ஜெலெஸ்தான் 1919 கோன்கூரை ப்ரூஸ்ட்டிடம் 6–4 என்று இழந்தவர். பதிப்பாளர் விடவில்லை. ‘கோன்கூர் பரிசு’ என்று பெரிய எழுத்திலும், கீழே ‘பத்தில் நான்கு வாக்கு’ என்று பொடி எழுத்திலும் ஒரு காகிதப் பட்டையை அச்சடித்துப் புத்தகத்தின் மேல் சுற்றிவிட்டார். ப்ரூஸ்ட்டின் பதிப்பாளர் வழக்குப் போட்டு ஜெயித்தார்.) சுபேதாரின் சோற்றுக் கணக்கு, க்ருவின் முறையைவிட ஒன்றும் மட்டமில்லை என்று எனக்குத் தோன்றியது.

ரெமார்க்கின் நாவல் அந்தக் கணக்கில் முதல் பக்கத்திலேயே தேறிவிடுகிறது. 150 பேருக்குச் சமைத்திருக்கிறார்கள்; முன்னணியிலிருந்து திரும்பி வந்தது 80 பேர். எல்லோருக்கும் இரட்டைப் பங்கு என்று பையன்கள் குதூகலிக்கிறார்கள், சமையல்காரன் தர மாட்டேன் என்று நிற்கிறான். இதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னேன். சுபேதார் சிரிக்கவில்லை. “சமையக்காரன் மேல தப்பில்ல சார், ரேஷன் ஸ்டிரெங்த் மாத்தி எழுதினாத்தான அவன் கொடுக்க முடியும்” என்றார். ஒரு போர் நாவலுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் அதிகம் படித்ததில்லை.

1928 நவம்பரில் பெர்லின் நாளிதழில் தொடராக வந்து, 1929 ஜனவரி கடைசியில் புத்தகமானது. ஒன்றரை ஆண்டுக்குள் 25 லட்சம் பிரதி. இவ்வளவு விற்றால் திட்டு வராமல் இருக்குமா? விளம்பரம் செய்தவர்கள் வேறு ஆசிரியரை, எழுத்துத் தொழிலே தெரியாத சாதாரணச் சிப்பாய், மனப்பாரத்தை இறக்கிவைக்க எழுதினவர் என்று காட்டினார்கள். உண்மையில் அவர் பத்திரிகையில் ஆசிரியர் வேலை பார்த்தவர், ஏற்கனவே நாவல் வெளியிட்டவர். 1917 ஜூனில் முன்னணிக்குப் போய், ஜூலை 31 அன்று குண்டுச் சிதறல் பாய்ந்து, மிச்சப் போரில் பெரும்பகுதியை டூயிஸ்பர்க் மருத்துவமனையில் கழித்தவர். வலதுசாரிகளுக்கு இது போதாதா? இவன் சிப்பாயே இல்லை, நிஜப் பெயரே வேறு என்று கதை கட்டினார்கள். ‘எரிக் மரியா ரெமார்க் உண்மையில் வாழ்ந்தாரா?’ என்ற தலைப்பில் மைனோனா என்ற புனைபெயர்க்காரர் ஒரு கேலி நூலே எழுதினார். அதற்கு எழுத்தாளர் டுஹோல்ஸ்கி, ‘மைனோனா உண்மையில் வாழ்ந்தாரா?’ என்று திருப்பிக் கொடுத்தார். இடதுசாரிகளின் புகார் வேறு: இவ்வளவு சாவைக் காட்டுகிறான், இந்தப் போரை யார் எதற்காகத் தொடங்கினார்கள் என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லையே. அமெரிக்கப் பதிப்பில், பையன்கள் வெட்டவெளியில் மலப்பெட்டிகளைப் போட்டு உட்கார்ந்து அரட்டையடிக்கும் காட்சியையே வெட்டினார்கள். நாவலிலேயே மகிழ்ச்சியான இடம் அதுதான்.

வாய்ச்சண்டை அதோடு நிற்கவில்லை. நாவலின் திரைப்படம் 1930 டிசம்பரில் பெர்லினில் திரையிடப்பட்டபோது நாஜிக் கட்சித் தலைவர்களில் ஒருவரான கோயபல்ஸின் ஆட்கள் அரங்குக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டு நாற்றக் குண்டு வீசினார்கள். ஒரு வாரத்துக்குள் படத்துக்குத் தடை வந்தது. 1933 மே 10 அன்று புத்தகம் எரிந்தது. உலகப்போர்ச் சிப்பாய்க்கு இலக்கியத் துரோகம் செய்தவன் என்பது குற்றச்சாட்டு. 1938இல் ரெமார்க்கின் குடியுரிமை பறிபோனது. 1943இல் ஜெர்மனியிலேயே இருந்த அவருடைய தங்கை எல்ஃப்ரீடை, போர் தோற்றுவிடும் என்று பேசியதற்காக மரண தண்டனை கொடுத்துக் கொன்றார்கள்.

அப்படியானால் இதையே எடுத்துவிடலாமே? இருநூறு பக்கம் சொச்சம், எளிய நடை, கல்லூரிப் பிள்ளைகளும் படிப்பார்கள். என் தயக்கம் ஒன்றுதான். இந்த நாவலோடு இன்று சண்டை போட ஆளில்லை. போர் கொடியது என்பதை எங்கள் பதினொரு பேரும் ஏற்கனவே ஒப்புக்கொண்டுதான் மாடி ஏறுகிறோம். 2022இல் வந்த ஜெர்மன் படத்தைப் பாதிப் பேர் வீட்டில் பார்த்தும் விட்டார்கள். நான்கு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தை ஜெர்மன் விமர்சகர்கள் பலர் நாவலுக்கு நியாயம் செய்யவில்லை என்று கடிந்தார்கள். படம் பார்த்தவர்கள் நாவலைப் படிக்கவில்லை என்பதை மறைக்க அது நல்ல வசதி. புதிதாகப் படிக்கத் தொடங்குகிற குழு என்றால் ரெமார்க்தான், சந்தேகமே இல்லை. நாங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிறேன். கர்வமாகவும் இருக்கலாம்.

ரெமார்க்கின் பெயர் ஒரு வசைச்சொல்லாக வாழ்ந்த இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நெக்ராசோவ் வருகிறார்.

விக்தர் நெக்ராசோவ் கீவில் பிறந்து கட்டடக்கலை படித்தவர். ஸ்டாலின்கிராடில் சப்பர், அதாவது கண்ணிவெடி பதிப்பதும் எடுப்பதும் குழி வெட்டுவதும் அவர் வேலை. நாவலின் கதாநாயகன் கெர்ஷென்ட்சேவும் அதே வேலைக்காரன். 1942 கோடையில் பின்வாங்கலோடு கதை தொடங்குகிறது. சோவியத் போர் நாவல் ஒன்று முதல் பக்கத்தில் ஓட்டத்தோடு தொடங்குவதற்கு 1946இல் எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தளபதிகள் வரைபடத்தின் மேல் குனிந்து நிற்கும் காட்சி கிடையாது. கட்சி வழிகாட்டும் சொற்பொழிவு கிடையாது. மாமயேவ் குன்றின் சரிவில் எத்தனை கண்ணிவெடி பாக்கி, மண்வெட்டி எத்தனை, எதிர்க்குழி எத்தனை மீட்டர், இதுதான் பேச்சு. சுபேதாருக்காக ஒன்று: வலேகா என்று ஒரு பையன் வருகிறான், கெர்ஷென்ட்சேவின் ஆர்டர்லி. முடி வெட்டுவான், பூட்ஸ் தைப்பான், கொட்டும் மழையில் அடுப்பு மூட்டுவான், எங்கிருந்தோ சாப்பாடு கொண்டு வருவான். வலேகாவைப் போல் சாப்பாட்டை மதிக்கிற பாத்திரம் நான்கு நாவலிலும் வேறில்லை.

விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். பதுங்குகுழியின் விளிம்புக்கு மேல் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, போரின் பெரிய உருவம் தெரியவில்லை என்றார்கள். மூன்றாவது கேள்வி. பிறகு 1947இல் ஸ்டாலின் பரிசு அறிவிப்பு வந்ததும் அந்தக் குரல்கள் அடங்கிப்போயின. பட்டியலில் அடிக்கப்பட்ட பெயரை ஸ்டாலினே ராவோடு ராவாகச் சேர்த்தார் என்பது நெக்ராசோவே பிற்காலத்தில் சொன்ன கதை. எப்படியோ, அந்தப் பரிசு அவருக்குக் கவசமானது. கவசம் இல்லாதவர்களுக்கு நேர்ந்தது வேறு. 1950களின் இறுதியில் பக்லானோவ், பொந்தரேவ் போன்ற முன்னாள் லெப்டினென்ட்கள் அதே வழியில், ஒரு பீரங்கிப் பிரிவு, ஒரு சாண் நிலம், சில நாட்கள் என்று எழுத வந்தபோது, ‘பதுங்குகுழி உண்மை’ என்ற சொல்லையே விமர்சகர்கள் வசையாகப் பயன்படுத்தினார்கள். கூடவே இன்னொரு வசை: ‘ரெமார்க்கிசம்’. சோவியத் சிப்பாயை ஜெர்மன் சிப்பாயைப் போலக் களைத்தவனாக, பயந்தவனாக, எதற்காகச் சாகிறோம் என்று தெரியாதவனாகக் காட்டுவது என்று அதற்குப் பொருள். ஹிட்லர் எரித்த எழுத்தாளனின் பெயரை, ஹிட்லரைத் தோற்கடித்தவர்களின் மேலேயே வசையாக எறிந்தார்கள்.

நாவலில் என்னை அசைத்த இடம் ஒரு விசாரணை. அப்ரோசிமோவ் என்ற கேப்டன், வேறு வழி இருந்தும், ஆட்களை நேர் முன்னால் ஓடவிட்டு எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்குப் பலி கொடுக்கிறார். அவரைப் படையினர் முன்னாலேயே நிறுத்தி விசாரிக்கிறார்கள். தவறான கட்டளைக்கு ஓர் அதிகாரி பதில் சொல்லும் காட்சியை அந்த வருடத்தில், அந்த நாட்டில் எழுதியிருக்கிறார். இதைப் பற்றி மட்டுமே ஒரு கூட்டம் முழுக்கப் பேசலாம். பிறகு நெக்ராசோவை 1973இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள், 1974இல் பாரீசுக்குப் போனார், பரிசு வாங்கிய புத்தகம் நூலகங்களிலிருந்து காணாமல் போனது.

இலக்கிய மதிப்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். சிக்கல் பிரதி. ஆங்கிலத்தில் 1962இல் வந்த மொழிபெயர்ப்பு பழைய புத்தகமாகத்தான் கிடைக்கிறது; பதினொரு பேருக்குப் பதினொரு பிரதி தேடி முடிப்பதற்குள் மூன்று மாதமும் ஓடிவிடும். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வாத்தியார் வேலை பார்க்கும் இன்னொரு நண்பர் அவரை முறைத்தார். இன்னொன்றும் உண்டு. மூன்றாவது கேள்வியின் சுவை தெரிய, அந்தக் காலத்து மற்ற சோவியத் நாவல்களில் ஒன்றிரண்டாவது படித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், குழியிலிருந்து பார்ப்பதில் என்ன குற்றம் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

ஜேம்ஸ் ஜோன்ஸின் நாவலில் போரே கடைசியில்தான் வருகிறது. 1941, ஹவாயின் ஸ்கோஃபீல்ட் முகாம். ஜப்பான் அங்கே பேர்ல் ஹார்பரைத் தாக்குவதற்கு முந்தைய மாதங்கள். ப்ரூவிட் என்ற சிப்பாய்க்குக் குத்துச்சண்டை நன்றாக வரும், ஆனால் போட மாட்டேன் என்கிறான். கேப்டன் ஹோம்ஸுக்கோ கம்பெனி அணி கோப்பை வாங்க வேண்டும், பதவி உயர வேண்டும். ஆகவே அவனை ஒடிக்கிறார்கள். கூடுதல் டிரில், சமையல்கட்டு ஃபேட்டிக் (எடுபிடி வேலை), கடைசியில் ராணுவச் சிறை. பட்டாளம் என்ற ஸ்தாபனம் சமாதான காலத்தில் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை இவ்வளவு பொறுமையாக எழுதிய வேறு நாவல் எனக்குத் தெரியாது. எண்ணூறு பக்கத்துக்கு மேல் பொறுமை.

1952இல் அமெரிக்காவின் தேசியப் புத்தகப் பரிசு. எழுத்து நடை கரடுமுரடு, எடிட்டர் கத்தி போதவில்லை என்று குறை சொன்ன விமர்சகர்களும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. இன்னொரு பக்கம் கத்தி அதிகமாகவே விழுந்திருக்கிறது: சிப்பாய்களின் கெட்ட வார்த்தைகளையும், ஆண்–ஆண் உறவு வரும் பத்திகளையும் பதிப்பகம் வெட்டியது, அவை 2011இல்தான் திரும்பச் சேர்ந்தன. உண்மையான விமர்சனம் வந்தது பத்திரிகைகளிலிருந்து இல்லை. நாவலில் கேப்டன் ஹோம்ஸுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது, பதவி உயர்வோடு கிளம்பிவிடுகிறார். 1953 திரைப்படத்துக்கு ராணுவத்தின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. படத்தில் மேலதிகாரிகள் ஹோம்ஸைக் கூப்பிட்டு, ராஜினாமா செய்யவைத்து வெளியே அனுப்புகிறார்கள். எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். அப்படித் திருத்திய பிறகும் சகோதரப் படையை இழிவு செய்கிறது என்று கடற்படை அதைத் தன் வீரர்களுக்குத் திரையிட மறுத்தது. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

இந்த நாவலின் முதல் நூறு பக்கத்தை மட்டும் சுபேதாரிடம் கொடுத்தேன். மகனின் உதவியோடு படித்தார். ஹோம்ஸ் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்க, வார்டன் என்ற சார்ஜென்ட் கம்பெனியை நடத்துகிறாரே, அவரைப் பிடித்துக்கொண்டார். “இவன் நம்ம சி.எச்.எம். சார். எல்லாக் கம்பெனியும் இப்பிடித்தான் ஓடுது, எழுதறதுதான் இல்ல.” (சி.எச்.எம். என்றால் கம்பெனி ஹவில்தார் மேஜர்.) பேர்ல் ஹார்பர் அன்று காலையில் ஞாயிற்றுக்கிழமைச் சலுகையான அரைப் பைண்ட் பாலோடு சிப்பாய்கள் காலை உணவு சாப்பிடும்போது குண்டு விழுகிறது என்று நான் சொன்னதற்கு, “பாலு கையில கீதுன்னா அவன் விட்டுட்டு ஓட மாட்டான், குடிச்சிட்டுதான் ஓடுவான்” என்றார். கையோடு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்று சொன்னபோது திருப்தியாகத் தலையாட்டினார்.

இந்த வரிசையில் நார்மன் மெய்லரின் ‘தி நேக்கட் அண்ட் தி டெட்’ (1948) வந்திருக்கலாம். சிப்பாய்கள் வாய்க்கு வாய் சொல்லும் கெட்ட வார்த்தையைப் பதிப்பகம் அனுமதிக்காததால் ‘ஃபக்’கை ‘ஃபக்’ மாதிரி ஒலிக்கும் வேறொரு எழுத்துக்கோர்வையாக மாற்றி, நாவல் முழுக்க அதையே பேசவைத்தார். அப்படியும் பிரிட்டனில் ஒரு ஞாயிறு இதழ் முதல் பக்கத்தில் தடை கேட்டது. அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்துவிட்டார். ஜோன்ஸுக்கும் மெய்லருக்கும் நடுவில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஜோன்ஸ் பக்கம். மெய்லரின் சிப்பாய்கள் ஒரு தத்துவத்துக்காக மலை ஏறுகிறார்கள், ஜோன்ஸின் சிப்பாய்கள் கழிப்பறை கழுவுகிறார்கள். தலையணை அளவு போர் நாவல்கள் எழுதிய சோவியத் எழுத்தாளர் வசீலி கிராஸ்மனையும் ஒருவர் சொன்னார். மூன்று மாதத்தில் கிராஸ்மன் என்பது நடக்கிற காரியமில்லை.

கடைசியாக பாவ் நின். 1952இல் ஹனோயில் பிறந்து, பதினேழு வயதில் 27ஆம் இளைஞர் படைப்பிரிவோடு தெற்கே போனவர். 1969இல் அந்தப் பிரிவில் கிளம்பியவர்கள் ஐந்நூறு பேர், உயிரோடு மிஞ்சியவர்கள் பத்துப் பேர் என்பார்கள். முதல் கேள்வியை இவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது.

கதை போர் முடிந்த பிறகு தொடங்குகிறது. கியென் என்ற சிப்பாய், காட்டில் விடுபட்ட சடலங்களின் எலும்பைத் தேடிச் சேகரிக்கும் குழுவில் லாரியில் போகிறான். எலும்பைத் தேடுவது போலவே ஞாபகமும் வருகிறது, முன்னும் பின்னுமாக, சிதறி. வெற்றி பெற்ற படையின் சிப்பாய் இவன். சைகோன் விழுந்த நாளில் விமான நிலையத்தில் இருந்தவன். ஆனால் நாவலில் வெற்றி என்று ஒன்று நடந்ததாகவே தெரியவில்லை. 1990இல் இது ஹனோயில் வெளியானபோது வைத்த தலைப்பு ‘காதலின் விதி’ என்ற பொருள்படும். ‘போரின் துயரம்’ என்று முகத்தில் அறைகிற தலைப்புக்கு அப்போது இடமில்லை. தோய் மோய் என்ற வியட்நாமியச் சீர்திருத்தத்தின் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். 1991இல் வியட்நாம் எழுத்தாளர் சங்கத்தின் பரிசு இதற்குக் கிடைத்தது. சில வருடங்களிலேயே காற்று திசை மாறியது. தியாகத்தை அர்த்தமற்றதாக்குகிறது, செத்தவர்களை அவமதிக்கிறது என்று எழுதினார்கள். பரிசுக்குக் கைதூக்கியவர்களில் சிலர், தூக்கியதற்கு வருந்தினார்கள். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உள்நாட்டில் மறுபதிப்பு இல்லை. அதே ஆண்டுகளில் ஹனோய்த் தெருக்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆங்கிலத் திருட்டுப் பதிப்பு ஜோராக விற்றது.

அந்த ஆங்கிலப் பதிப்புக்கு 1994இல் லண்டன் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழின் அயல்மொழிப் புனைவுப் பரிசு. அந்த நாளிதழின் விமர்சனம், வியட்நாம் போர் பற்றிய அமெரிக்கப் புனைவுகளை எல்லாம் தாண்டி இந்த நாவல் ரெமார்க்கின் பக்கத்தில் போய் நிற்கிறது என்றது. மாஸ்கோவில் எந்தப் பெயர் வசையாக இருந்ததோ அதே பெயர் இங்கே மாலையாக விழுகிறது. ஹனோயில் கோபப்பட்டவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள். அவர்களுக்கு அது புகார்.

குறைகள் இல்லாமல் இல்லை. கியெனின் காதலி ஃபுவோங்குக்கு நடக்கும் கொடுமையை ஆசிரியர் கியெனின் காயமாகத்தான் பார்க்கிறார், அவளுடைய காயமாகப் பார்க்கத் தவறுகிறார். எங்கள் வட்டத்தின் பெண்கள் இதை விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆங்கில வடிவம், ஃபான் தான் ஹாவின் மொழிபெயர்ப்பை ஆஸ்திரேலியப் போர் நிருபர் ஃப்ராங்க் பால்மோஸ் திருத்தி எழுதியது. அவரும் அந்தப் போரில் சாவின் வாயிலிருந்து தப்பியவர். ஆகவே நாம் படிக்கும் ஒரு வாக்கியத்தில் எவ்வளவு பாவ் நின், எவ்வளவு பால்மோஸ் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். முன்பின்னாகப் போகும் கதை சுபேதாரை ஓடவைத்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. சாப்பாடு? நிறையப் பசி வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் என் பரிந்துரை பாவ் நின்தான். ஜெர்மானியனின் நாவலைத் திட்டியவர்கள் தோற்ற பக்கத்துக்காரர்கள். தோல்வியின் எரிச்சல் என்று ஒதுக்கிவிடலாம். ஜெயித்த பக்கத்தில் நின்று, அந்த ஜெயத்துக்காகச் செத்த நண்பர்களின் எலும்பைப் பொறுக்குகிறவன் எழுதும்போது, அவமதிக்கிறாயா என்ற கேள்வியை லேசாகத் தட்டிவிட முடியவில்லை. ஹனோயில் கோபப்பட்டவர்கள் எல்லோரும் அரசாங்கத்து ஆட்கள் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் உள்ள நாடு அது. அந்தக் கோபத்துக்கு எங்கள் பதினொரு பேரில் சிலராவது வக்காலத்து வாங்குவார்கள் என்பது நிச்சயம். மற்ற மூன்று நாவலுக்கும் அப்படி ஒரு ஆள் கிடைப்பது சந்தேகம். இருநூற்றைம்பது பக்கத்துக்குள் முடிகிறது, கடைகளில் கிடைக்கிறது என்பதும் காரணம்தான்.

பட்டாள வாழ்க்கைதான் வேண்டும் என்கிறவர்கள் ஜோன்ஸை எடுங்கள். ரஷ்ய இலக்கியத்தில் ஏற்கனவே ஊறியவர்கள், எங்கேயாவது தேடி நெக்ராசோவைப் பிடியுங்கள்.

கூட்டத்தில் ஓட்டுக்கு விட்டோம். ஏழுக்கு நான்கு. சுபேதாரின் ஓட்டு ஜோன்ஸுக்கு விழுந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் என் பாவ் நின் பிரதியை அவர்தான் முதலில் வாங்கிப் போனார். மூன்று வாரம் சத்தமில்லை. போன திங்கட்கிழமை கடைக்கே வந்து கொடுத்துவிட்டு, டீகூட வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். வேவுப் படைப்பிரிவின் பையன்கள் மழைக்காலத்தில் குடிசைக்குள் உட்கார்ந்து சீட்டாடும் இடம் ஒன்று உண்டு. ஆட்டம் நாள்கணக்கில் நடக்கும், ஆட்கள்தான் குறைந்துகொண்டே வருவார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்திருந்தார். கடைசி மூன்று பெயர்கள் வியட்நாமியப் பெயர்கள் இல்லை.